மழை வந்தால் யானைகள் ஏன் ஆற்றை விட்டுப் போகின்றன?

கேள்வி இதுதான்: ஓர் ஆவணப்படத்தில் ஆப்பிரிக்க ஆறு ஒன்றைக் காட்டினார்கள். முதலில் சேற்றுக் குட்டையில் நீர்யானைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அடுத்த காட்சியில் அதே இடத்தில் கரைபுரண்ட வெள்ளம். அது உண்மையிலேயே ஒரே ஆறுதானா? மழை வந்ததும் விலங்குகள் எல்லாம் ஆற்றைத் தேடி வந்துவிடுமா? அதைப் பார்க்க எந்த மாதம் போகலாம்?

ஒரே ஆறுதான். ஆனால் விலங்குகள் விஷயத்தில் நடப்பது நேர்மாறு. மழை வந்தால் அவை ஆற்றை விட்டுப் போய்விடும். ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கில் கூடி நிற்பது வறட்சியின் காட்சி. நமக்குத் தலைகீழாகப் பதிந்துபோனதற்குக் காரணம் கேமராக்கள். மழைக்காலத்தில் பாதைகள் மூழ்கிவிடும், படம் எடுப்பவர்களால் உள்ளே போக முடியாது. அதனால் ஆற்றின் வாழ்க்கையில் ஏறக்குறைய பாதி நம் கண்ணுக்கு வருவதே இல்லை.

ஆப்பிரிக்க ஆறுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுவாகச் சொன்னால் எதுவும் விளங்காது. போட்ஸ்வானாவுக்குள் பாயும் ஒகவாங்கோ ஆற்றில், அங்கோலா மலைகளில் பெய்த மழை பல மாதம் நடந்து வந்து, மழையே இல்லாத நாட்களில் சமவெளியை நிரப்பும். கென்யா, தான்சானியா எல்லையில் ஓடும் மாராவின் கணக்கு வேறு. நான் ஜாம்பியாவின் லுவாங்வா ஆற்றை எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிது. துணையாறுகளை விட்டுவிட்டால், அதன் முதன்மை ஓட்டத்தில் பெரிய அணை எதுவும் இல்லை. வானம் என்ன செய்கிறதோ அதை அப்படியே காட்டும் ஆறு அது.

மலாவி எல்லையை ஒட்டிய மஃபிங்கா குன்றுகளில் பிறந்து, தென்மேற்காக ஏறக்குறைய 770 கிலோமீட்டர் ஓடி, ஜாம்பியா, ஜிம்பாப்வே, மொசாம்பிக் மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஜாம்பேசியில் கலக்கிறது. அது ஓடும் பள்ளத்தாக்கு, கிழக்கு ஆப்பிரிக்காவைப் பிளக்கும் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் ஒரு கிளை. மேற்கே முச்சிங்கா மலைச்சரிவு மதில்போல நிற்கும். நடுவில் தட்டையான தரை. தட்டைத் தரையில் ஓடும் ஆற்றுக்கு அவசரம் இருக்காது, பாம்புபோல வளைந்து வளைந்து போகும். இந்த வளைவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் பாதி அங்கேதான் இருக்கிறது. ஆற்றின் நடுப்பகுதியில் 9,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான பரப்பில் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்கா இருக்கிறது. 1972 முதல் தேசியப் பூங்கா.

அக்டோபரிலிருந்து தொடங்குவோம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அப்போது அங்கே வெயில் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஏப்ரலுக்குப் பிறகு மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்திருக்காது. அகலமான மணல் படுகையின் ஓரத்தில் மட்டும் ஆறு ஒடுங்கி ஓடும், பல இடங்களில் முழங்காலளவு. துணையாறுகளில் பல வெறும் மணலாகிவிடும். யானைகள் அந்த மணலைக் காலாலும் துதிக்கையாலும் தோண்டி ஊற்று எடுக்கும். யானை குடித்துவிட்டுப் போன பிறகு மற்ற விலங்குகள் அந்தக் குழியில் வரிசை கட்டும்.

உள்காட்டுக் குட்டைகள் வறண்டுபோவதால் எருமை, வரிக்குதிரை, புக்கு மான், இம்பாலா மான் எல்லாமே ஆற்றை ஒட்டிய குறுகிய பட்டைக்குள் அடைந்துவிடுகின்றன. இவற்றின் பின்னாலேயே சிங்கமும் சிறுத்தையும். நீர்யானைகள் எஞ்சிய மடுக்களில் முதுகோடு முதுகு உரசக் கிடக்கும். ஒரு நீர்யானைக்கு இரவொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ புல் வேண்டும். கரையோரப் புல் எப்போதோ மொட்டையாகியிருக்கும். எனவே இருட்டில் பல கிலோமீட்டர் நடந்து மேய்ந்துவிட்டு, வெயில் ஏறுமுன் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெடித்துவிடும். ஆண்களுக்குள் இடச்சண்டை மூர்க்கமாக நடப்பதும் இந்த மாதங்களில்தான். இந்த நெருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. 1987-ல் இதே பள்ளத்தாக்கில் பரவிய ஆந்த்ராக்ஸ் நோய் ஆயிரக்கணக்கான நீர்யானைகளைக் கொன்றது.

இந்த வறட்சியிலும் கரையில் ஒரு மரம் மட்டும் பச்சைப்பசேல் என்று நிற்கும். ஃபைதர்பியா ஆல்பிடா, நம் வேலமரத்தின் உறவு. எல்லா மரமும் மழைக்குத் துளிர்த்து வறட்சியில் உதிர்க்கும் என்றால் இது தலைகீழ்: வறட்சியில் இலை, மழையில் மொட்டை. அதன் சுருள் காய்கள் செப்டம்பர், அக்டோபரில் உதிரும்போது யானைகள் மரத்தடியை விட்டு நகராது. சில யானைகள் அடிமரத்தை முட்டி உலுக்கிக் காயை விழ வைக்கும். அப்புறம், நம் புளியமரமும் இங்கே நிற்கிறது. விருந்தாளியாக இல்லை, சொந்த ஊர்க்காரனாக. புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்காதான்.

மழை எங்கிருந்து வருகிறது? வெப்பமண்டலத்தைச் சுற்றி ஒரு மழைப்பட்டை இருக்கிறது. அது சூரியன் போகும் பக்கம் சற்றுத் தாமதமாகப் பின்தொடரும். நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில் அது லுவாங்வாவை எட்டும், ஏப்ரல்வரை தங்கும். ஜனவரி, பிப்ரவரியில்தான் உச்சம். காலையில் வெயில், மதியத்தில் மேகம் குவிதல், மாலையில் இடி மின்னலோடு ஓர் அடி. பெரும்பாலான நாட்களின் ஒழுங்கு இதுதான்.

முதல் மழையில் ஆறு உடனே பொங்காது. வெடித்துக் கிடக்கும் தரை முதலில் குடித்துத் தீர்க்கும். பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் நம் ஊர்க் கரிசல் மண்ணேதான். நனைந்தால் உப்பும், வெடிப்புகள் மூடிக்கொள்ளும், அதன் பிறகு பெய்வது உள்ளே இறங்காமல் மேலே நிற்கும் அல்லது ஓடிவிடும். கரிசலில் மழைக்குப் பின் வண்டி ஓட்டியவர்களுக்கு அங்கே பாதைகள் ஏன் மூடப்படுகின்றன என்று விளக்கவே வேண்டாம்.

தரைக்கு முன் மழையைக் கண்டுகொள்பவை கரையான்கள். முதல் மழை நின்ற மாலையில் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பும். தவளை, பல்லி, மரநாய், கழுகு என்று ஒருவர் விடாமல் விருந்துக்கு வருவார்கள். இந்த விருந்துக்கு வரும் ஒரு விருந்தாளிக்கு இந்தியத் தொடர்பு உண்டு. அமூர் வல்லூறு என்ற சிறிய பருந்தினப் பறவை சைபீரியாவிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தில் லட்சக்கணக்கில் இறங்கி ஈசல் தின்று கொழுத்து, அரபிக்கடலை ஒரே வீச்சில் தாண்டித் தெற்கு ஆப்பிரிக்கா போகிறது. நாகாலாந்தில் ஈசல், வழியில் கடல், போய்ச் சேர்ந்த இடத்திலும் ஈசல். மழையைத் துரத்திக்கொண்டே வாழும் ஜீவன்.

முதல் வெள்ளம் எப்போதும் நல்லதைச் சுமந்து வருவதில்லை. மாரா ஆற்றில் ஆய்வு செய்தவர்கள் 2018-ல் வெளியிட்ட ஒரு விஷயம் என்னை உலுக்கியது. வறட்சி மாதங்களில் நீர்யானைச் சாணம் மடுக்களின் அடியில் படிந்து, அழுகி, அங்கே ஆக்ஸிஜனே இல்லாத கருநீர் சேர்ந்துவிடுகிறது. திடீரென்று நீர் பெருகும்போது அந்தக் கசடு மொத்தமாகக் கிளம்பிக் கீழே போகிறது. வழியில் உள்ள மீன்கள் மூச்சுத்திணறிக் குவியலாகச் செத்து மிதக்கின்றன. நாரைகளுக்கும் முதலைகளுக்கும் கொண்டாட்டம். புதுவெள்ளம் என்றாலே ஆறு சுத்தமாகிறது என்று நினைப்போம், அந்தச் சுத்தத்தின் முதல் சில மணி நேரம் இப்படித்தான் இருக்கிறது.

டிசம்பர் கடைசியில் முச்சிங்காவிலிருந்து இறங்கும் துணையாறுகளும் சேர்ந்துகொள்ள, லுவாங்வா பல மீட்டர் உயர்கிறது. நிறம் பால் கலந்த தேநீர். வேரோடு பிடுங்கிய மரங்கள் மிதந்து வரும். மேடான கரைகளுக்கு அடியில் நீர் புகுந்து மண்ணைக் கரைக்க, மேலே நிற்கும் பெரிய மரங்கள் சுவர் இடிவதுபோலச் சரிந்து விழும். அந்த வளைவுகளை நினைவில் வைக்கச் சொன்னேன் இல்லையா, அங்கேதான் வேலை நடக்கிறது. வளைவின் வெளிப்பக்கத்தில் நீரின் வேகம் அதிகம், அரிக்கும். உட்பக்கத்தில் வேகம் குறைவு, மணலைப் படிய விடும். ஆண்டுக்கு ஆண்டு வளைவு முற்றி, இரண்டு முனைகளும் கிட்ட வந்து, ஒரு பெருவெள்ளத்தில் ஆறு குறுக்கே வெட்டிக்கொண்டு நேராகப் போய்விடும். பழைய வளைவு தனியாக, குதிரை லாட வடிவில் ஓர் ஏரியாகத் தங்கிவிடும். உள்ளூர்க்காரர்கள் இவற்றை ‘வஃப்வா’ என்கிறார்கள், செத்துப்போனது என்று பொருள். விமானத்திலிருந்து பார்த்தால் லுவாங்வாவின் இருபுறமும் இப்படிச் செத்த ஆறுகள் பிறைபிறையாகக் கிடக்கும்.

பெயர்தான் செத்தது. பள்ளத்தாக்கில் உயிர் அடர்த்தி மிகுந்த இடமே அதுதான். ஒவ்வொரு மழையிலும் வெள்ளம் கரை தாண்டி இந்த ஏரிகளை ஆற்றோடு மறுபடி இணைக்கும். கெளுத்தியும் மற்ற மீன்களும் ஆற்றிலிருந்து இங்கே ஏறிவந்து, மூழ்கிய புல்லுக்கு நடுவே முட்டையிடும். குஞ்சுக்குத் தீனி உண்டு, வேகநீர் கிடையாது, ஒளிய இடம் ஏராளம். நீர்யானைகளும் ஆற்று வேகத்துக்குப் பயந்து இங்கேதான் ஒதுங்கும். நீர்ப்பரப்பு முழுக்க ஆகாயத்தாமரை படர்ந்துவிடும். பச்சைக் கம்பளத்தில் இரண்டு காதுகளும் ஒரு மூக்கும் மட்டும் தெரிந்தால் அது நீர்யானை, தலையில் ஆகாயத்தாமரையைச் சூடிக்கொண்டு நிற்கிறது.

சரி, யானைகள் எங்கே போயின? ஆற்றிலிருந்து தள்ளி உள்ளே போனால் மோப்பேன் காடுகள். வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல இரட்டை இலை விடும் மரம். வறட்சியில் அங்கே குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது, அதனால் தீனி இருந்தும் போக முடியாது. மழை பெய்ததும் களிமண் பள்ளங்கள் நூற்றுக்கணக்கில் நிரம்பிவிடும். இனி ஆறு எதற்கு? கரையோரம் மிதிபட்டு மொட்டையாகிக் கிடக்கும்போது, உள்ளே புதுப்புல்லும் தளிரும் காத்திருக்கின்றன. யானையும் எருமையும் சிதறிவிடுகின்றன. அந்த இடைவேளையில்தான் கரையோரப் புல்வெளி மூச்சு விட்டு வளர்கிறது. விலங்குகள் போகாவிட்டால் அடுத்த வறட்சிக்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

அந்தப் பள்ளங்களில் சிலவற்றில் ஒரு வினோதம் நடக்கிறது. நோத்தோபிராங்கியஸ் என்ற வகையைச் சேர்ந்த விரலளவு மீன்கள். பள்ளம் வற்றியதும் எல்லாம் செத்துவிடும், முட்டைகள் மட்டும் காய்ந்த சேற்றுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். அடுத்த மழையில் பொரித்து, வளர்ந்து, இணைசேர்ந்து, மறுபடி முட்டை புதைத்துவிட வேண்டும், பள்ளம் வற்றுவதற்குள். மொசாம்பிக்கில் உள்ள இவற்றின் உறவினம் ஒன்று பொரித்து இரண்டே வாரத்தில் பருவமடைகிறது. முதுகெலும்புள்ள விலங்குகளில் இவ்வளவு அவசரக்காரர் வேறு யாரும் தெரியவில்லை. மேலே மரக்கிளையில் நுரைத்தவளைகள், சோப்பு நுரைபோலக் கூடு கட்டி அதற்குள் முட்டையிடும். தலைப்பிரட்டைகள் நுரை கரைந்து நேரே கீழிருக்கும் நீரில் சொட்டும்.

குட்டிகளின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இம்பாலாக்கள் நவம்பர், டிசம்பரில் சில வாரங்களுக்குள் மொத்தமாக ஈனும். சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்னும்? கூட்டத்தில் பெரும்பாலானவை தப்பிவிடும், தாய்க்கும் பால் சுரக்க இளம்புல் கிடைக்கும். மழை தாமதித்தால் இம்பாலா பிரசவத்தையே தள்ளிப்போட்டுவிடும் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், நம்பாதீர்கள். சூல் ஏறக்குறைய ஆறரை மாதம். இணைசேர்வது மே மாதத்தில், பகல் சுருங்குவதை உடல் உணர்ந்து. அப்போதே தேதி குறித்தாகிவிட்டது. மழை தவறினால் குட்டிகள் தவறாமல் பிறக்கும், ஆனால் பிழைக்காது.

முதலையின் கணக்கு இன்னும் நுட்பமானது. வறட்சியின் பின்பாதியில், வெள்ளம் விட்டுப்போன மணல்திட்டில் குழி பறித்து முட்டையிடும். பொரிக்க ஏறத்தாழ மூன்று மாதம். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே தீர்மானிக்கிறது. முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுத்ததும் தாய் தோண்டி எடுத்து, அந்தப் பயங்கர வாயிலேயே பூப்போலக் கவ்விக்கொண்டு போய் நீரோரம் விடும். அதற்கும் ஆறு உயரத் தொடங்குவதற்கும் சரியாக இருக்கும். மூழ்கிய புல்லில் பூச்சியும் தவளைக்குஞ்சும் நிறைந்திருக்கும் நேரம் அது. வெள்ளம் இரண்டு வாரம் முந்திவிட்டால் கூடு நீருக்கடியில் போய்விடும்.

மார்ச் கடைசியில் மழை தளர, நீர் வடியத் தொடங்குகிறது. ஆறு செய்த வேலைகளின் பலன் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியும். வஃப்வாக்களுக்கும் ஆற்றுக்குமான தொடர்பு அறுந்து, மழையில் பிறந்த மீன்கள் சுருங்கும் நீரில் மாட்டிக்கொள்கின்றன. என்செஃபு என்ற பகுதியில் நீர் சூழ்ந்த கருங்காலி மரங்களில் மஞ்சள் அலகு நாரைகள் நூற்றுக்கணக்கில் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பது இந்தக் கட்டத்தில்தான். வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் நாம் பார்க்கும் சங்குவளை நாரையின் நெருங்கிய சொந்தம் இது. இரை தேடும் விதமும் அதேதான்: அலகைத் திறந்து நீருக்குள் வைத்து, காலால் சேற்றைக் கலக்கி, எது உரசுகிறதோ அதைப் படக்கென்று கவ்வும். கண்ணை நம்பாமல் தொடுவுணர்வை நம்பிப் பிடிப்பதால் மீன் அடர்த்தியாக இருந்தால்தான் பிழைப்பு. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது மீன் ஏராளம், ஆனால் பரந்து கிடக்கும், இந்த நாரைக்குப் பயன்படாது. வடியும் நீர்தான் அதற்கு அறுவடை.

இன்னொரு பலனைப் பார்க்க ஆகஸ்ட் கடைசிவரை காத்திருக்க வேண்டும். வெள்ளம் இடித்த கரைகள் இப்போது நீர் மட்டத்துக்கு மேலே செங்குத்துச் சுவராக நிற்கின்றன. புதிதாக வெட்டுப்பட்ட முகம், புல் இல்லை, வேர் இல்லை, பாம்பும் உடும்பும் பிடித்து ஏறக் கஷ்டமான வழவழப்பு. அதைத் தேடி வடக்கிலிருந்து செந்நிறப் பஞ்சுருட்டான்கள் பெருங்கூட்டமாக வந்து, ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் ஆழத்துக்கு வளை குடைந்து குஞ்சு பொரிக்கும். பழுப்புச் சுவர் முழுக்கக் குங்குமம் அப்பியதுபோல இருக்கும். எனக்கு இந்த ஆற்றில் மிகப் பிடித்த விஷயம் இது: பிப்ரவரியில் கரையோடு ஒரு மரம் சரிந்தது, செப்டம்பரில் அதே காயத்தில் ஒரு பறவைக் காலனி. ஆற்றைக் கல் கட்டி அடக்கினால், அல்லது மேலே அணை போட்டு வெள்ளத்தைச் சீராக்கினால், கரை இடியாது. இடியாத கரை சில ஆண்டுகளில் சரிந்து புல் மூடிவிடும், பஞ்சுருட்டான் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். அந்த ஆபத்து ஒருமுறை நெருங்கியும் வந்தது. லுவாங்வாவின் கீழ்ப்பகுதியில் நீர்மின் அணைக்கான முன்னாய்வு நடந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2019-ல் ஜாம்பியா அரசு அதை நிறுத்தியது.

மனிதர்களை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை. கிழக்குக் கரையில் குண்டா மக்கள் மக்காச்சோளம் பயிரிடுகிறார்கள். விதைப்பது முதல் மழையில், கதிர் முற்றுவது மார்ச், ஏப்ரலில். சிதறிப்போன யானைகள் திரும்பும் வழியில் முற்றிய சோளக்கொல்லை தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாடு போய்விடும். மிளகாய் பூசிய வேலி, மிளகாய்ப் புகை என்று காவல் காக்கிறார்கள். பள்ளத்தாக்கு பச்சையாவதை நாம் ரசித்துப் பார்க்கும் அதே மாதங்கள் அவர்களுக்குத் தூக்கமில்லாத மாதங்கள்.

மழையே வராவிட்டால்? 2023-24 பருவத்தில், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவதால் வரும் எல் நினோவால் மழை பொய்த்து, 2024 பிப்ரவரி கடைசியில் ஜாம்பியா தேசியப் பேரிடர் அறிவித்தது. அப்படிப்பட்ட ஆண்டில் ஏரிகளுக்குள் நீர் ஏறாமல் போகலாம், மீன் பெருகாது, நாரை கூடு கட்டத் தயங்கும், கரையோரப் புல் வளர்வதற்குள் விலங்குகள் திரும்பிவிடும். பாதிப்பு முழுதாகத் தெரிவது அந்த மழைக்காலத்தில் இல்லை, அதற்கடுத்த அக்டோபரில்.

கடைசிக் கேள்வி, எப்போது போவது. கூட்டம் கூட்டமாக விலங்கு பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபர். வெயிலைத் தாங்க வேண்டும், ஆனால் பஞ்சுருட்டான் கிடைக்கும். நாரைகளுக்கும் ஏரிகளுக்கும் மார்ச், ஏப்ரல். பல சுற்றுலா முகாம்கள் மூடியிருக்கும், திறந்திருக்கும் சிலவற்றில் படகில் அழைத்துப் போவார்கள். வறட்சியில் ஜீப் ஓடிய பாதைக்கு மேலேயே படகு போகும். சிங்கம் பார்க்கும் வாய்ப்பு குறைவு, ஆளுயரப் புல் மறைத்துவிடும். இரண்டில் ஒன்றுதான் முடியுமென்றால் நான் மார்ச்சைச் சொல்வேன், மற்றதைத்தான் ஆவணப்படத்தில் பார்த்தாயிற்றே. எந்த மாதம் போனாலும் மலேரியா மாத்திரை கட்டாயம். மழை மாதத்தில் கொசுவலையும் சேர்த்து.